குவியலில் இல்லாத விரல்

எங்கள் ஆசிரியர் காலனி நான்காம் தெருவில், எதிர்வீட்டு பிலோமினா ‘உலா’வை விட்டு விலகிய செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, ஒன்பது வருஷமாக அவள் போட்ட படங்களுக்கு விழுந்த லைக்குகள் அத்தனையும் நீலநிறக் கட்டைவிரல்களாக அவளுடைய மொட்டைமாடியில் வந்து கொட்டின. நான் ஆலங்கட்டி மழை என்று நினைத்து ஓடிப்போய் மாடியில் காயப்போட்டிருந்த மோர்மிளகாயை அள்ளினேன். அள்ளி முடித்துத் திரும்பிப் பார்த்தால் என் மாடி சுத்தமாகக் கிடக்கிறது. தெரு பன்னிரண்டு அடி அகலம். அந்தப் பன்னிரண்டு அடியைத் தாண்டி ஒரே ஒரு விரல்கூட என் பக்கம் தவறி விழவில்லை என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

‘உலா’வைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள், உலகத்தில் பாதிப்பேர் அதில்தான் குடியிருக்கிறார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். காலையில் பறித்த காயைத் தட்டில் வைத்துப் படம் எடுத்து அதில் போட்டால், பேர் தெரியாத ஊர்களிலிருந்து முகம் தெரியாத மனிதர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். நானும் பிலோமினாவும் எதிரெதிர் மாடியில் தோட்டம் போட்டு, எதிரெதிராக நின்று படம் எடுத்து, ஒரே குழுவில் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் சுரைக்காய்க்கு நாலாயிரம் விரல், என் சுரைக்காய்க்கு இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் பாகற்கொடியில் அணில் உட்கார்ந்தது, அதற்கு ஏழாயிரம். அதே அணில்தான் என் மாடிக்கும் வரும், எனக்கென்றால் படம் எடுப்பதற்குள் ஓடிவிடும். அந்த அணிலைக்கூட நான் மன்னிக்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், அவள் என்ன படம் போட்டாலும் உலகத்தில் முதல் ஆளாகப் பார்ப்பது நான்தான். பார்த்து, பெரிதாக்கிப் பார்த்து, இலையில் பூச்சி இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் மூடிவிடுவேன். விரல் அந்த நீலக் குறிக்கு மேலே வரைக்கும் போகும், போய் நின்று, திரும்பி வந்துவிடும். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அழுத்தியதில்லை. அவளோ என்னுடைய ஒவ்வொரு படத்துக்கும், நான் வாடிப்போன கொத்தமல்லியைப் போட்டபோதுகூட, ஒரு விரல் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

விரல்கள் விழுந்த அன்று சாயங்காலத்துக்குள் காலனி அதைப் பழகிக்கொண்டது. ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, கல் மாதிரி கெட்டி, தொட்டால் குளிர்ச்சி. மறுநாள் காலையில் மாநகராட்சி பேட்டரி வண்டியோடு குப்பை வாங்க வந்த முனீஸ்வரி, ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“இது மக்குற குப்பையா, மக்காத குப்பையாக்கா?”

“தெரியல முனீஸ்வரி. நேத்துதான் விழுந்துச்சு” என்றாள் பிலோமினா.

“தெரியாம எந்தத் தொட்டில போடுறது? பச்சைல போட்டா மேஸ்திரி திட்டுவாரு, நீலத்துல போட்டா சூப்பர்வைசர் திட்டுவாரு. நீங்களே வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து, மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொல்லி, தன் மகளுக்கு விளையாட ஒரு பை நிறைய வாங்கிப்போனார். மளிகைக்கடைக்காரர் ஊறுகாய் ஜாடிக்குப் பாரம் வைக்க எடுத்துப்போனார். பொடிசுகள் பல்லாங்குழிக்கு எடுத்துப்போனார்கள். முருங்கைக்கு உரம் என்று யாரோ கிளப்பிவிட, நாலு வீட்டு முருங்கைக்கடியில் கொட்டிப் பார்த்தார்கள், முருங்கை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கொடுத்தவர் தொட்டால் அந்த விரல் சூடாகும் என்பது வியாழக்கிழமைதான் தெரிந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பரமானந்தம் சும்மா கையை விட்டு அளைந்திருக்கிறார், அங்கங்கே முந்நூறு விரல்கள் ஒரே நேரத்தில் அடுப்பில் வைத்த மாதிரி சூடாகிவிட்டன. மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் நடைப்பயிற்சிக்கே வரவில்லை. அப்புறம் தினமும் கூட்டம்தான். வத்தலகுண்டிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் வேன் பிடித்து வந்து, செருப்பைக் கீழே கழற்றிவிட்டு, மாடி ஏறி, குவியலுக்குள் கையை விட்டு, சூடான விரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இது அந்தச் சுரைக்காய்க்குப் போட்டது, இது அந்த அணிலுக்குப் போட்டது என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்து, வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். எங்கள் தெருவில் கையை விடாத ஆள் நான் ஒருத்திதான்.

“நீ போகலையா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“எனக்கு முழங்கால் வலி” என்றேன்.

“உனக்கு என்னைக்கு முழங்கால் வலிச்சுச்சு?”

“இன்னைக்குத்தான்.”

ஆனால் எத்தனை நாள் முழங்காலைச் சொல்லித் தப்பிப்பது? அடுத்த வாரச் சனிக்கிழமை காலை பிலோமினா முறத்தால் அள்ளி அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். தனியாகச் செய்கிறாளே என்று தெருவில் நாலு பேர் பேசியதால், நானும் போய்த்தான் தீர வேண்டியிருந்தது. சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கலாம் என்றுதான் போனேன். அவள் முறத்தை என் கையில் கொடுத்துவிட்டு இன்னொரு சாக்கு எடுக்க நகர்ந்தாள். முறம் நழுவியது, நான் குனிந்தேன், இரண்டு கையும் முழங்கை வரைக்கும் குவியலுக்குள் போய்விட்டது.

லட்சம் விரல்களாவது இருக்கும். ஒன்றுகூடச் சூடாகவில்லை. மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைத்த மாதிரி ஒரே குளிர். பிலோமினா சாக்கைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றாள் என்று எனக்குத் தெரிந்தது. “கைய எடுத்துருங்கக்கா, சளி பிடிச்சுக்கும்” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து, கையைத் துடைத்து, ஒரு மணி நேரம் அரிசி களைந்தேன்.

ஏன் விலகினாய் என்று எல்லோரும் கேட்டதற்கு அவள் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். “போன மாசம் தக்காளிச் செடிப் படம் போட்டேன். நாலாயிரம் பேரு சூப்பர்னாங்க. இலை ஏன் சுருண்டு கெடக்குன்னு ஒருத்தரும் கேக்கல. செடி செத்துப்போச்சு.” அந்த இலை சுருண்டிருந்ததை நான் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்து, சந்தோஷப்பட்டு, மூடிவிட்டேன். இதையும் நான் இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அவள் போனதும் குழுவில் நான்தான் முதல் ஆள். என் புடலங்காய்க்கு மூவாயிரம் விரல் விழுந்தது. மூன்று நாள் தரையில் கால் படாமல் நடந்தேன். நாலாம் நாள், படம் போட்டுவிட்டு எதிர்மாடியை நிமிர்ந்து பார்த்தேன்; அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள், அவளுக்கு என் புடலங்காய் தெரியவே தெரியாது. அந்த மூவாயிரமும் சப்பென்று ஆகிவிட்டது. அவள் பார்த்து வயிறெரிய வேண்டும் என்றுதான் நான் இத்தனை வருஷம் காய் வளர்த்திருக்கிறேன் என்பதும், அவள் ஒருநாளும் வயிறெரிந்ததில்லை என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் அந்தச் சிரிப்புச் சத்தம் ஆரம்பித்தது. மத்தியானம் தபால்காரர் வந்து போனதும், அவள் மாடிநிழலில் உட்கார்ந்து கவர்களைப் பிரித்து, எதையோ படித்துத் தனியாகச் சிரிப்பாள். விசாரித்தால், ‘கைப்பிடி’ என்று ஒன்றில் சேர்ந்திருக்கிறாளாம். மொத்தமே நாற்பத்தியொரு பேர். படம் கிடையாது, விரல் கிடையாது. விதையைக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்புவார்களாம், வந்த விதை முளைத்ததா இல்லையா என்று பதில் எழுத வேண்டுமாம். புதுச்சேரியிலிருந்து கந்தப்பன் என்று ஒருத்தர் சிறகவரை அனுப்பி, அது முளைக்காததற்கு இரண்டு பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாராம், அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. யார் இந்தக் கந்தப்பன்? நான் பன்னிரண்டு அடி தூரத்தில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், என்னிடம் அவள் இப்படிச் சிரித்ததில்லை. லட்சம் பேர் அவளைப் பார்த்தபோதுகூட இவ்வளவு வராத பொறாமை, அந்த நாற்பது பேரை நினைத்ததும் எனக்கு நெஞ்சுவரைக்கும் வந்துவிட்டது. ஒருநாள் வாயைவிட்டேன்.

“என்னையும் அதுல சேத்துவிடேன் பிலோமி.”

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. “சேர்றது லேசுதான்க்கா. நீங்களே எடுத்த விதை ஒரு கைப்பிடி வேணும். கவர் மேல மூணு விஷயம் எழுதணும். என்ன விதை, எந்த மாசம் எடுத்தது, அந்த விதை ஒங்களுக்கு யார்கிட்டருந்து வந்துச்சு. மயிலாடுதுறைல ஆபரணம் டீச்சர்னு ஒருத்தங்க, அவுங்களுக்கு அனுப்பணும். அவுங்க விதைய எல்லாருக்கும் பேரெழுதிப் பிரிச்சு அனுப்பிட்டு, கவர மட்டும் புது ஆளுக்குப் பக்கத்துல இருக்க பழைய ஆளுக்கு அனுப்புவாங்க. அந்த ஆளு நேர்ல வந்து, கவர் மேல இருக்கத வாய்விட்டுப் படிக்கணும். படிச்சுட்டா சேந்தாச்சு.”

“பக்கத்துல இருக்க ஆளுன்னா?”

“திண்டுக்கல்ல நான் ஒருத்திதான்க்கா.”

வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தேன். ஒன்பது வருஷத் தோட்டக்காரியிடம் ஒரு விதை இல்லை. எப்படி இருக்கும்? விதைக்கு விட வேண்டும் என்றால் காயை முற்றவிட வேண்டும். முற்றின காய் படத்துக்கு நன்றாக இருக்காது. அதனால் என் மாடியில் எந்தக் காயையும் நான் கிழடாக விட்டதே இல்லை, எல்லாம் பளபளப்பாக இருக்கும்போதே பறித்தாகிவிட்டது. சரி, யாருக்குத் தெரியப்போகிறது என்று, கடையில் வெண்டை விதை ஒரு பாக்கெட் வாங்கி, அதில் பூசியிருக்கும் இளஞ்சிவப்பு மருந்துச் சாயம் போக நாலு தண்ணீரில் கழுவி, காயவைத்து, ‘என் தோட்டம்’ என்று எழுதி அனுப்பினேன். பத்து நாளில் பாக்கெட் திரும்பி வந்தது. ‘அன்புள்ள செண்பகம், நாக்கில் தொட்டுப் பார்த்தேன், கடைமருந்து கசந்தது. அவசரம் இல்லை’ என்று ஆபரணம் டீச்சர் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தார். நல்லவேளை, கவரை எதிர்வீட்டுக்கு அனுப்பாமல் எனக்கே அனுப்பியிருந்தார். அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்க வேண்டும்.

என்னிடம் விதைக்கு லாயக்கான செடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் நான் தொடப் பயந்தேன். ஊதா வரி போட்ட கத்தரி. மூன்று வருஷமாகக் கவாத்து செய்து காப்பாற்றி வரும் செடி. ‘எங்கள் குடும்பத்துப் பரம்பரை விதை’ என்று ‘உலா’வில் அதன் படத்தைப் போட்டு, ஒன்பதாயிரம் விரல் வாங்கி, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பிலோமினாவை முந்தினேன். பரம்பரையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. விதையை மருந்துக்கடைக் கவரில் மடித்து, “போட்டுப் பாருங்கக்கா” என்று கொடுத்தவளே அவள்தான். அந்தப் படத்துக்கும் அவள் ஒரு விரல் கொடுத்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு கத்தரிப்பிஞ்சில் சிவப்பு நூல் கட்டினேன். அது வளர்ந்தது, பளபளத்தது, படம் எடு எடு என்றது. நான் போனைக் கீழேயே வைத்துவிட்டு மாடி ஏறினேன். பிறகு அது மங்கி, மஞ்சளாகி, தோல் சுருங்கி, சாணி உருண்டை மாதிரி தொங்கியது. “இன்னும் ஏன் அதைப் பறிக்காம வச்சிருக்க, பாக்கவே சகிக்கல” என்றார் வீட்டுக்காரர். “கெடக்கட்டும்” என்றேன். ஆறு வாரம் அந்த அசிங்கத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், தினமும் எதிர்மாடியில் அவள் கந்தப்பனுக்குச் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அறுத்து, தண்ணீரில் பிசைந்து, மிதந்ததைக் கொட்டி, அடியில் தங்கியதைச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தினேன். சரியாக ஒரு கைப்பிடி வந்தது.

கவர் எழுத உட்கார்ந்தேன். என்ன விதை: கத்தரி, ஊதா வரி. எந்த மாதம்: ஆடி. யாரிடமிருந்து: பேனா நின்றுவிட்டது. ‘பரம்பரை’ என்று எழுதினேன், கிழித்தேன். ‘தெரிந்தவர்’ என்று எழுதினேன், கிழித்தேன். இதை அவள் என் வீட்டு வாசலில் நின்று என் முகத்துக்கு நேரே வாய்விட்டுப் படிக்கப்போகிறாள் என்று நினைக்க நினைக்க எனக்கு நிஜமாகவே முழங்கால் வலித்தது. எழுதாமல் விட்டால் அந்த நாற்பது பேரும் அவளோடு சிரித்துக்கொண்டே இருப்பார்கள், நான் இந்தப் பக்கம் நின்று புடலங்காய்க்கு விரல் எண்ணிக்கொண்டிருப்பேன். மூன்றாவது கவரில் ஒரே மூச்சில் எழுதினேன்: ‘எதிர்வீட்டு பிலோமினா கொடுத்தது. மூன்று வருஷமாக நான் இதை யாரிடமும் சொல்லவில்லை.’ சாம்பல் கையோடு ஒட்டியதில் கவர் மூலையில் என் கட்டைவிரல் அச்சாக விழுந்துவிட்டது. மாற்றலாம் என்றால் வேறு கவர் இல்லை. தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, யாரோ துரத்துவது போல வீட்டுக்கு வந்தேன்.

எட்டாம் நாள் பதினோரு மணி சுமாருக்கு பிலோமினா தெருவைக் கடந்து வந்தாள். கையில் இரண்டு கவர் இருந்தது. வாசல்படியில் நின்றபடியே என் கவரை முதலில் படித்தாள், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒரு எழுத்து விடாமல், அந்தக் கடைசி வரியையும் சேர்த்து. மாடிப்படியில் இருந்த என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். பால் வாங்கிப்போன பரமானந்தம் சாரும் கேட்டுவிட்டார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படித்து முடித்து, கவர் மூலையில் இருந்த சாம்பல் அச்சின் மேல் விரலை வைத்தாள். பிறகு கவரை என் உள்ளங்கையில் வைத்தாள். அந்த மூலை மட்டும் சுட்டது.

“தபால்காரர் பை வெயில்ல கெடந்திருக்கும்” என்றேன்.

“இருக்கும்க்கா” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கவரை நீட்டினாள். “இது நான் சேந்தப்ப அனுப்புனது. இங்க நேர்ல படிக்க ஆளு இல்லைனு போன்லயே படிச்சுட்டு, கவர எனக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க இத ஒருதரம் படிங்க.”

படித்தேன். கத்தரி, ஊதா வரி. மாசி மாதம். அதற்குக் கீழே, அவளுடைய உருண்டை எழுத்தில்: ‘எதிர்வீட்டுச் செண்பகம் அக்கா கொடுத்தது. நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்த அன்று.’

எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எதிர்வீட்டில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, சிறுமலையிலிருந்து காய் விற்க வருபவளிடம் வாங்கிய கத்தரிக்காய்க் கூடையைக் கிளறி, இளசாக இருந்த நாலைந்தை எங்கள் குழம்புக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மஞ்சள் பூத்து முற்றிப்போன ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்ச் சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டு வந்தேன். இத்தனை மாதமாக நாற்பது வீடுகளில் என் பெயர் எழுதிய விதை முளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அந்தக் கந்தப்பனைச் சபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நல்ல காய நான் வச்சுக்கிட்டேன் பிலோமி” என்றேன்.

“அது அன்னைக்கே தெரியும்க்கா” என்றாள் அவள். “நல்ல காயாக் குடுத்திருந்தா அன்னைக்கே கொழம்பு வச்சிருப்பேன்.”

இதிலும் அவளே முந்திவிட்டாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று, அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுக் காபி போடப் போனேன்.